சுவரடியில் வெள்ளைத் தூள்

அந்தக் காணொளி ஒரு நிமிடம்கூட இல்லை. ரொறன்ரோப் பக்கம் மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தபடி அதை நாலாவது தடவையாகப் பார்த்தேன். அம்மா கடைக்குள் பீடத்து விரிப்புக்கு லேஸ் பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை அவருக்கு விமானம். போரில் இடிந்த எங்கள் ஊர்க் கோயிலைத் திருத்தி முடித்திருந்தார்கள். தேவாலயத்தை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். புதுக் கூரைக்குக் கீழே நடக்கும் முதல் திருநாளுக்கு அம்மா போகிறார்.

காணொளியில் பாட்டுக்குழுப் பிள்ளைகள் பாடிப் பழகினார்கள். நல்ல குரல்கள்தான். என் கண் அவர்களுக்குப் பின்னால் இருந்த மேற்குச் சுவரில் நின்றது. சுவரில் பதித்த கண்ணாடிச் சட்டத்தின் கீழ் மூலையிலிருந்து நிலம்வரை ஒரு வெடிப்பு ஓடியது. சுவரடி வாங்குப் பலகையில் இருக்கப்போன சின்னப்பிள்ளை ஒருத்தி கையால் எதையோ தட்டிவிட்டாள். வெள்ளைத் தூள். பாட்டு முடிவதற்குள் அதே இடத்தைத் திரும்பவும் தட்டினாள். அந்த இடத்தில் காணொளியை நிறுத்தினேன்.

அந்தச் சுவரை இடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கூத்தாடியவள் நான். மார்க்கம் நகரில் ஒரு கட்டடப் பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரைவது என் வேலை. ஆகவே ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச் சனம் கூடிக் கோயில் திருத்துவதைப் பற்றிப் பேசியபோது, படம் வரையும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பாதிப் பேருக்கு எல்லாவற்றையும் இடித்துவிட்டு மார்க்கத்து மாளிகைகளைப் போலப் பளபளவென்று ஒன்று வேண்டும். நான் விடவில்லை. ஷெல் துளைத்த ஓட்டையோடு மேற்குச் சுவர் நிற்கட்டும், ஓட்டைக்குள் கண்ணாடி போடுவோம், கூரைக்குத் தனியாக இரும்புத் தூண்கள் நிற்கட்டும் என்றேன். பழைய சுவர் எதையும் சுமக்கத் தேவையில்லை, தன்னைத் தான் சுமந்தால் போதும். ஒருவழியாகச் சம்மதித்தார்கள். அன்று எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

பிறகு சீமெந்து வந்தது. ஊரில் இருந்தவர்களும் இங்கிருந்தவர்களும் நேர்த்தி வைத்து, ஆளுக்கொரு பை சீமெந்து கோயிலுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைக்கு விசா கிடைத்தால் ஒரு பை, சத்திரசிகிச்சை சரிவந்தால் ஒரு பை. சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்குள் பைகள் முகடுவரை அடுக்கியிருந்தன. நேர்ந்து கொடுத்ததை வேண்டாமென்று எப்படித் திருப்பிக் கொடுப்பது? பழைய சுவருக்கு உள்ளும் புறமும் பூசிவிடலாமா என்று ஊரிலிருந்து எங்கள் திருத்தவேலைக் குழுவின் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்.

எங்கள் சுவர் கடலில் எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தைக் குடித்து வெயிலில் விட்டுவிடும். சீமெந்தால் அதன் வாயைக் கட்டினால் குடித்த ஈரம் உள்ளேயே நிற்கும், கல் மாவாகும். இது எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பையிலும் ஒருவருடைய கண்ணீர் இருந்தது, கேட்டவர்கள் அத்தனை பேரும் எனக்கு மூத்தவர்கள். குழுவில் பெருவிரலை உயர்த்தும் படத்தைப் போட்டுவிட்டுச் சமையலைப் பார்க்கப் போய்விட்டேன். அதன்பின் ஒரு மாரி வந்து போனது.

அம்மா கடையிலிருந்து வருவதற்குள் குழுத் தலைவருக்கு அழைத்தேன். வெடிப்பைப் பற்றிச் சொன்னேன். அது வெறும் பூச்சு வெடிப்பு என்றார். ரொறன்ரோவிலிருந்து மட்டும் எத்தனை குடும்பங்கள் விமான ரிக்கற் எடுத்துவிட்டன, வெள்ளிக்கிழமை கொடியேற்றம், திருநாள் முடிந்தபின் ஆறுதலாகப் பார்ப்போம் என்றார். சுவர் விழும் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், சீமெந்துக்கு யார் சம்மதித்தது என்ற கேள்வி வரும். "ஓம் அண்ணை" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்தபின் என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஏனென்றால் அந்தத் தூளை நான் முன்பும் கண்டிருக்கிறேன். போர் நேரம், எனக்கு ஒன்பது வயது. கோயில்களுக்குள் போய் இருங்கள் என்று அறிவித்திருந்தார்கள், ஊரே எங்கள் கோயிலுக்குள் இருந்தது. தங்கச்சிக்கு ஐந்து வயது, மேற்குச் சுவரடி வாங்கடியில் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். தூரத்தில் ஒவ்வொரு ஷெல் விழும்போதும் அவள் தலைமுடியில் வெள்ளையாகத் தூள் கொட்டியது. தட்டிவிட்டேன், திரும்பவும் கொட்டியது. அம்மாவைக் கூப்பிட்டேன். பேசாமல் செபி என்றார். செபித்தேன். அடுத்த ஷெல் அந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. தங்கச்சி அந்த வாங்கடியிலேயே போய்விட்டாள். தூளைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை.

அம்மா லேஸ் பையோடு வந்து காரில் ஏறினார். என் முகத்தைப் பார்த்தார். என்னவென்று கேட்காமல் போனை வாங்கிக் காணொளியைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"உவள் என்னத்தைத் தட்டுறாள்?"

"தூள், அம்மா."

போனை மடியில் வைத்தார். எனக்குச் சுவரைப் பற்றிய பயம் ஒரு பக்கம், அவர் அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்ற பயம் மறுபக்கம்.

"அண்டைக்கு நீ தட்டினதை நானும் கண்டனான்," என்றார். "கண்டுதான் பேசாமல் செபி எண்டனான். ஒராள் எழும்பினா முழுச் சனமும் வெளியில ஓடும், வெளியில ஷெல் விழுதெண்டு பயந்தனான்."

இத்தனை வருடமும் அது என் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா தன்னுடையதென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு.

தலைவருக்கு அழைக்கச் சொன்னார். அழைத்துக் கொடுத்தேன். பூசையை வெளியே வேம்படியில் வைக்கச் சொன்னார், சுவருக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு குருமானையும் விடக்கூடாது என்றார். தலைவர் திரும்பவும் பூச்சைப் பற்றியும் ரிக்கற்றைப் பற்றியும் ஏதோ சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ஒருக்காப் பேசாமல் இருந்தனான். அது போதும்," என்று சொல்லிவிட்டு, "இந்தா, உனக்குத்தானே தெரியும்" என்று போனை என்னிடம் நீட்டினார்.

போனை வாங்கினேன். அந்தப் பக்கத்தில் தலைவர் காத்திருந்தார்.

"சுவர் விழும், அண்ணை," என்றேன். "சீமெந்துக்கு ஓம் எண்டது நான்தான்."