பெரிய வீட்டுப் பிள்ளைகள்

குண்டசாலையிலுள்ள எங்கள் வீட்டில் என் மகள் கரம் போர்டில் பவுடரைத் தூவினாள்; அந்த வாசனையோடு எங்கள் லயத்து சனசமூக நிலையம் திரும்பி வந்துவிட்டது. கண்டியில் இன்று வாகனங்கள் நிறுத்தும் அந்த இடத்தில், காலையில் பாலர் வகுப்பும், பகலில் கைக்குழந்தைகளை நிறுக்கும் கிளினிக்கும், மாலையில் கரம் காய்கள் மோதும் சத்தமும், கல்யாணமென்றால் சாம்பார் மணமுமாக அந்த ஒற்றை மண்டபம் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. லயத்தில் வரிசையாக ஒட்டியிருந்த ஒற்றை அறைக் காம்பராக்களுக்கு இலக்கம் கிடையாது என்பதால் எல்லோருடைய கடிதமும் நிலையத்துக்கே வரும். நிலையத்தைப் பார்த்துக்கொண்ட மல்லிகா அக்கா கதிரையில் ஏறி நின்று பெயர்களைக் கூவுவார்.

பள்ளிக்கூடத்தில் சேரப் போன அன்று, எங்கள் லயத்துப் பிள்ளைகள் பதினொரு பேரும் நிலையத்தின் அதே விலாசத்தைச் சொன்னோம். டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார். இடம் கிடைக்காதோ என்று அம்மாவின் கை என் தோளை இறுக்கியது.

"பதினொரு பேரும் ஒரே வீடா?"

"ஆமா டீச்சர்," என்றேன். "பெரிய வீடு. கரம் போர்டுகூட இருக்கு."

டீச்சர் சிரித்துச் சிரித்து எல்லோரையும் பதிந்தார். கிழிந்த செருப்போடு நாங்கள் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம், "பெரிய வீட்டுப் பிள்ளைங்க வந்தாச்சா?" என்று கேட்பார். நாங்களும் நிமிர்ந்து நின்று, "வந்தாச்சு டீச்சர்!" என்போம்.