மத்தியான வாட்டம்

நாற்றுப் பண்ணையில் அவரைக் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வரிசை வரிசையாக நிற்கும் தக்காளி, மிளகாய், கத்திரி நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுவது அவர் வேலை. இதில் என்ன பெரிய வித்தை என்று யாராவது கேட்டுவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எப்போது விடக்கூடாது என்று தெரிவதுதான் வித்தை என்பார்.

உச்சிவெயிலில் இலைகள் தொங்கிப்போகும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பதறிப்போய் வாளியைத் தூக்குவார்கள். குழாய்க்காரர் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் குழாயைத் தொடவே மாட்டார். வெயில் தாங்காத இலை தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு, உள்ளே இருக்கிற நீரைக் காப்பாற்றுகிறது. ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் வேர்தான் மூச்சுமுட்டி அழுகும். "மத்தியானம் வாடுறது சாயங்காலம் நிமிர்ந்துடும்" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் பேச்சு. வீட்டில் மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் இதையேதான் சொல்வார். அவளும் சிரித்துவிடுவாள்.

அவளுக்கும் அதே கூடாரத்தில்தான் வேலை, தட்டுகளில் மண் நிரப்புவது. அந்தக் கோடையில் கூடாரத்து ஃபேன் பழுதாகி நின்றது. நாற்றுக்கு நிழல்வலை கட்ட முதலாளிக்கு ஞாபகம் இருந்தது, ஆட்களுக்குக் காற்று வேண்டும் என்பதுதான் மறந்துபோனது. கேட்டால் நாளைக்கு என்பார்.

ஒரு மத்தியானம் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு மண்மூட்டைமேல் சாய்ந்தாள். தலை சுற்றுகிறது என்றாள். நாக்குக் குழறியது. காலையிலிருந்து தொப்பலாக நனைந்திருந்தவள் முகத்தில் இப்போது ஒரு சொட்டு வேர்வை இல்லை. உடம்பு தணிந்துவிட்டது என்று குழாய்க்காரர் நினைத்தார். இலைகளோடே காலம் தள்ளியவருக்கு வேறு எப்படித் தோன்றும்?

"என்னங்க, உடம்பெல்லாம் எரியுதுங்க."

"கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கோ. சாயங்காலம் சரியாயிடும்," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

வெயில் சாய்ந்தது. தொங்கிய நாற்றுகள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. அவள் தூக்கவில்லை. குழாய்க்காரர் அவள் நெற்றியில் கை வைத்தார். வைத்த கையை அங்கே வைத்திருக்க முடியவில்லை, உடம்பு அப்படிக் கொதித்தது. வேர்வை நின்றதே ஆபத்துக்கு அடையாளம், அப்போதே உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்தடி தள்ளிக் கையில் குழாயோடு நின்றிருந்த மனிதரிடம் சொன்னார்கள்.

திரும்ப வேலைக்கு வந்தவர் ஆளே மாறியிருந்தார். மத்தியானத்தில் ஓர் இலை தொங்கினால் போதும், விரலை விட்டுப் பார்ப்பதில்லை, ஊற்றித் தள்ளினார். மண் சேறானது, வேர் அழுகியது, தட்டுத் தட்டாக நாற்று செத்தது. ஃபேனுக்கு நாளைக்கு நாளைக்கு என்ற முதலாளி இதற்கு அன்றைக்கே ஓடி வந்தார்.

"ஈரம் பாக்காம ஊத்தாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவரே நீங்கதான். உங்களுக்குத் தெரியாதா?"

குழாய்க்காரர் குழாயை மூடவில்லை.

"தெரியும்ங்க. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கத்தான் முடியல."