டில்லிக்குப் பதிலாக ஏலகிரி

விமானம் ரத்து என்று கவுண்டரில் இருந்த இளைஞன் சொன்னதும் அப்பா சிரித்தார். காலையிலிருந்து எல்லோரிடமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்த அவன், ஒருவராவது கோபப்படாமல் இருக்கிறாரே என்ற நிம்மதியில் பதிலுக்குச் சிரித்தான். அந்தச் சிரிப்பு என்னவென்று எங்கள் மூவருக்குத்தான் தெரியும். அம்மா தரையைப் பார்த்தாள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அடுத்த நொடி அப்பாவின் கை கவுண்டரைத் தாண்டிப் போய் அவன் கட்டியிருந்த டையைப் பிடித்துவிட்டது. அவன் முகம் பலகையில் மோதியது. மூக்குக் கண்ணாடி கழன்று தரையில் சறுக்கிக்கொண்டு போயிற்று. "இன்னா சொன்னே? இன்னொரு தபா சொல்லு" என்று அப்பா தமிழிலேயே கேட்டார். அவனுக்குத் தமிழ் தெரியுமா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் அப்பாவின் பிடரியில் கைவைத்து, பிரயாணத்துக்கென்றே தைத்த சஃபாரி உடை கசங்க, கண்ணாடிக் கதவு வரை தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார். அப்பாவை இன்னொருவர் தொட்டுத் தள்ளியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாங்கள் அதைப் பார்த்துவிட்டோம் என்பதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அம்மா அதனால்தான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதிலெல்லாம் என்னைவிட அனுபவம் அதிகம்.

எங்கள் ஊரான தங்கவயலில் தங்கச் சுரங்கங்களை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வருவதும் அடங்குவதுமாக இருந்த தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அப்பா சுரங்கத்தில் இல்லை. கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து அந்த வருஷம்தான் ஆபீசர் ஆகியிருந்தார். ஆபீசர் என்றால் விடுமுறைக்குக் குடும்பத்தோடு விமானத்தில் போய்வரலாம், செலவு தொழிற்சாலையுடையது. எங்கள் தெருவில் யாரும் அதுவரை விமானம் ஏறியதில்லை. டில்லி, ஆக்ரா என்று ஒரு மாதமாக அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். கிளம்பிய காலையில் வாடகை அம்பாசிடரைச் சுற்றித் தெருவே நின்றது. யாரோ அப்பாவுக்கு மாலைகூடப் போட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அது நசுங்கியதும் கைதட்டினார்கள்.

எங்கள் வீடு தங்கவயலிலேயே பாலகாட் என்ற சுரங்கப் பகுதியில் இருந்தது. ஆழத்தில் பாறை வெடித்தால் வீடுகள் குலுங்கும்; அலமாரிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதும். ராக் பர்ஸ்ட் என்று பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லும். சில நாட்களில் எங்கள் வீட்டில் மட்டும் பாத்திரங்கள் உருளும். மறுநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி குழாயடியில், "நேத்து சத்தம் கேட்டுச்சே, ராக் பர்ஸ்ட்டா?" என்பார். "ஆமாங்க" என்பாள் அம்மா. இருவருக்கும் தெரியும். அம்மாவின் முன்பல் உடைந்தபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். நம்பவில்லை என்று வெளிப்படையாகக் காட்டியவர் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையிலிருந்த மாமா ஒருவர்தான். அம்மாவின் அண்ணன். வந்தார், அப்பாவின் சட்டையைப் பிடித்தார். இனி இந்த வீட்டில் அவர் பெயரை எடுத்தால் நடப்பதே வேறு என்று அப்பா அன்று சொன்னதோடு மாமாவின் போக்குவரத்து நின்றது.

எங்கள் இருவரை மட்டும் அப்பா தொட்டதில்லை. அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "பொம்பளப் புள்ளைங்க மேல நான் கை வெச்சதே இல்ல." எங்கள் பள்ளிக்கூட ஷூவுக்கு அவரே பாலிஷ் போட்டுவிடுவார். அக்கா பி.யூ.சி.யில் நல்ல மார்க் எடுத்தபோது தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார். இவ்வளவையும் செய்த கைதான் அம்மாவை அடித்ததும்.

விமான நிலையத்துக்கு வெளியே, கார்கள் நிற்கும் இடத்தில், அப்பா முதலில் புதுப் பெட்டியை உதைத்தார். பிறகு அம்மாவை அடித்தார். வீட்டுக்கு வெளியே அடித்தது அதுதான் முதல் தடவை. "உன் மூஞ்சில முழிச்சிட்டு கெளம்பினேன் பாரு, எனக்கு வேணும்" என்றார். அம்மா கார்க் கதவில் போய் மோதிக்கொண்டு, விழாமல் கைப்பிடியைப் பற்றி நின்றாள். உதட்டில் ரத்தம். டிரைவர் எங்கள் ஊர்க்காரர், நடுத்தர வயது. "சார், வுடுங்க சார், ஜனம் பாக்குது" என்று முன்னால் வந்தார். "நீ வண்டிய மட்டும் பாரு" என்றார் அப்பா.

பிறகு அவர் ஒரு சிமெண்ட் திண்டில் உட்கார்ந்துவிட்டார். ஊருக்குத் திரும்ப முடியாது. மாலை வாடுவதற்குள் எந்த முகத்தோடு போய் அந்தத் தெருவில் இறங்குவது? இன்னும் இரண்டு மூன்று நாளைக்கு எந்த விமானத்திலும் இடமில்லை என்று வேறு சொல்லிவிட்டார்கள். அம்மாவும் நானும் அசையாமல் நின்றோம். தண்ணீர் வாங்கப் போன அக்கா, டிரைவரிடம் நின்று ஏதோ பேசியதைப் பார்த்தேன். திரும்பி வந்து பாட்டிலை அப்பாவிடம் நீட்டிவிட்டு, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்பதுபோல் கேட்டாள்.

"பொட்டி கட்டியாச்சு, காரு இருக்குது, உங்களுக்கு லீவும் இருக்குது. வேற எங்கனா போலாமாப்பா?"

அப்பா நிமிர்ந்தார். "மைசூரு போலாம்" என்றார்.

"மைசூர்ல பாதி ஃபாக்டரி இருக்கும்ப்பா இப்ப. ஸ்கூல் லீவாச்சே. யாரனா பாத்தாங்கன்னா?"

"அப்ப ஊட்டி."

"சீசன்ல ரூமே கெடைக்காதுப்பா. ராத்திரிக்கு காருலதான் படுக்கணும்."

திருப்பதி என்று அவரே சொல்லி, தங்கவயல் வழியாகப் போக வேண்டியிருக்கும் என்று அவரே வேண்டாமென்றார். அக்கா டிரைவரைப் பார்த்தாள். தலையைச் சொறிந்துகொண்டே டிரைவர்தான் சொன்னார்: "ஏலகிரி இருக்குது சார். மலை, ஏரி, போட்டு எல்லாம் கீது. நம்மூரு ஆளுங்க யாரும் வர்றதில்ல. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாப் போனா நம்ம ஊரு பக்கமே போவ வேணாம்."

"ஏலகிரியா?" என்றாள் அக்கா, அப்போதுதான் கேள்விப்படுகிறவளைப்போல. "அது சின்ன ஊராச்சே, நல்லா இருக்குமா?"

"உனக்கு இன்னா தெரியும்? நல்லாத்தான் இருக்கும். ஏறுங்க" என்றார் அப்பா.

அந்த மலையிலிருந்து மாமாவின் ஜோலார்பேட்டை எவ்வளவு பக்கம் என்று அம்மாவுக்குத் தெரியும்; அப்பாவுக்கு அது நினைவுக்கு வரவில்லை. காரின் பின் இருக்கையில் அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தியபோது பாத்ரூம் போகவேண்டும் என்று இறங்கி, பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்தாள். மாமா வீட்டுக்கு அடுத்திருந்த மளிகைக் கடையின் எண்ணை அவள் எப்போதோ மனப்பாடம் செய்து வைத்திருந்திருக்கிறாள். நான் அப்பாவிடம் இன்னொரு டீ வேண்டுமென்று அடம்பிடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே அப்போது விளங்கவில்லை.

மலைமேல் ஒரு சின்ன விடுதியில் பெரிய அறையாக ஒன்று கிடைத்தது. அன்று சாயங்காலம் அப்பாவைப்போல் இனிமையானவர் உலகத்திலேயே இல்லை. ஏரியில் படகுக்கு அழைத்துப் போனார். பலாச்சுளை வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு அம்மாவுக்கு நீட்டினார். வீங்கிய உதட்டோடு அவள் அதை வாங்கித் தின்றாள். "டில்லில இன்னா இருக்குது, வெயிலு. இதான் ஜோரு" என்றார். நான் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அக்கா மட்டும் படகின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

காலையில் இட்லி கொண்டுவந்த விடுதிக்காரர் நல்ல மனிதர். வாசலில் நின்று, "சார், உங்க மச்சான் போன் பண்ணாருங்க, இங்க இருக்குற லாட்ஜெல்லாம் ஒவ்வொண்ணா விசாரிச்சாராம். எல்லாரும் பத்திரமா வந்துட்டீங்களான்னு கேட்டாரு. கெளம்பிட்டாராம், கொஞ்ச நேரத்துல வந்துடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா எழுந்து கதவைத் தாழிட்டார். நாங்கள் மூவரும் உள்ளே. அம்மாவின் முடியைப் பிடித்து எழுப்பினார். "உன் பிளானா? எவ்ளோ நாளா நடக்குது இது?" அவள் தலை சுவரில் மோதிய சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. தேங்காயைத் தரையில் வைத்துத் தட்டுவதுபோல, பெரிய சத்தமில்லை. அம்மா கையைக்கூடத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியாதுங்க, சத்தியமா தெரியாதுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான்ப்பா" என்றாள் அக்கா. "நான்தான் மாமாவுக்கு போன் பண்ணேன். அம்மா இனிமே நம்ம வூட்டுக்கு வராது. அம்மாவை வுடுங்க."

அப்பா அம்மாவை விட்டார். அக்காவின் தோளைப் பிடித்துத் தூக்கி இரும்புக் கட்டிலின்மேல் எறிந்தார். கட்டில் சட்டத்தில் அவள் தோள் பட்டு ஏதோ முறிந்தது. அவள் கத்தவில்லை, மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். அவர் மறுபடி குனிந்து கையை ஓங்கினார்.

விமானத்தில் சாப்பாடு பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று அம்மா புளிசாதம் கட்டி எடுத்துவந்த அடுக்கு டிபன் கேரியர் மேசைமேல் இருந்தது. அம்மா அதை எடுத்து அவர் நெற்றியில் அடித்தாள். அப்பா திரும்பினார். வலியைவிட ஆச்சரியம்தான் அவர் முகத்தில் இருந்தது. இரண்டாவது அடியில் உட்கார்ந்துவிட்டார். "எம்மேல வெச்ச கைய எம்புள்ள மேல வெச்சிட்டியா? வெச்சிட்டியா நீ?" அம்மா அவரை ஒருமையில் பேசியதை அன்றுதான் கேட்டேன். அடித்துக்கொண்டே இருந்தாள். அடுக்குகள் கழன்று அறையெங்கும் உருண்டன. கையில் பிடி மட்டும் மிஞ்சியபோது அதனாலும் அடித்தாள். அப்பாவின் புருவம் கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிப்போயிற்று. தலையைக் கைகளால் மூடிக்கொண்டு, "வேணாம், வேணாம்" என்றார். அவர் செத்துப்போவார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன்.

வெளியே டிரைவர் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தபோது, அக்கா ஒற்றைக் கையால் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "போதும்மா, போதும், நாம போலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஒரு முறை சுற்றிப் பார்த்தார். எங்கள் பெட்டிகளை எடுத்தார். வாசலில் நின்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"சார், நீங்க பஸ்ல வாங்க."

மலையிறக்கத்தில் மாமாவின் மோட்டார் சைக்கிள் எதிரே வந்தது. காரை நிறுத்தி, அக்காவின் தோளையும் அம்மாவின் புடவையில் இருந்த ரத்தத்தையும் பார்த்தவர் அப்படியே மேலே போய் அப்பாவை வெட்டிவிடுவதாகக் கிளம்பினார். அம்மா இறங்கி வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் அடிச்சிட்டேண்ணே. நீ ஒண்ணும் பண்ண வேணாம். புள்ளைக்கு தோள்பட்டை ஒடஞ்சிருக்குது, ஆஸ்பத்திரிக்கு வழி காட்டு."

அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டிக்கொண்டது. ஜோலார்பேட்டையில் மாமா வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கினோம். அம்மா ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். நான் மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தங்கவயலுக்குப் போனபோது பக்கத்து வீட்டு ஆன்ட்டி என்னைக் கட்டிக்கொண்டு, "உங்கப்பா நெத்தில எவ்ளோ தையலு! குதுப்மினார் படில வழுக்கிட்டாராமே" என்றார். நான் ஆமாம் என்றேன். டில்லி பார்த்துவிட்டு நாங்கள் மாமா வீட்டில் தங்கிவிட்டதாக அப்பா சொல்லியிருந்தார்.

அப்பா இப்போது இல்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது. வேலூரில் டீச்சராக இருக்கும் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள். அக்காவின் தோள் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும். ஒருநாள் அவளிடம் கேட்டேன், எப்படி அவ்வளவு சீக்கிரம் யோசித்தாய் என்று. "யோசிக்கல்லாம் இல்லடி. பொட்டி கட்டியிருந்துச்சு. அவரால வூட்டுக்குத் திரும்ப முடியல. இதவுட நல்ல நேரம் எப்ப வரும்னு தோணிச்சு" என்றாள். பிறகு, "என்னை அடிக்க மாட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். அந்தத் திட்டத்தில் அவள் கணக்கு தவறியது அந்த ஓர் இடத்தில்தான்.

ஏலகிரியில் அது நடந்ததற்கு அடுத்து வந்த மழைக்காலத்தில் அப்பா ஒரு தடவை ஜோலார்பேட்டைக்கு வந்திருந்தார். மாமா ட்யூட்டிக்குப் போயிருந்த நேரம். புருவத்தின் குறுக்கே தழும்பு வெளுத்திருந்தது. நனைந்த சட்டையோடு வாசற்படிக்கு வெளியே நின்றார். அக்காவால் கையைத் தூக்கித் தலைவார முடியாது என்பதால் அம்மா அவளுக்குப் பின்னிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தும் அவள் விரல்கள் நிற்கவில்லை. யாரும் வா என்று சொல்லவில்லை. எங்களைத் திரும்பக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். ஆனால், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று மட்டும் கேட்டார்.

அவர் அம்மாவிடம் 'குடுங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா எழுந்திருக்கவில்லை. அக்கா எழுந்தாள். உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தாள். அவர் கை நீட்டினார். அவள் அந்தக் கையில் கொடுக்காமல், அது எட்டாத தூரத்தில், நிலைப்படிக்கு உள்ளே தரையில் டம்ளரை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். அவள் எவ்வளவு தூரம் நகர்ந்தாள் என்பதை அப்பா பார்த்தார். நீட்டிய கையை மெல்ல இறக்கிக்கொண்டார். அக்கா திரும்பி உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தும்வரை காத்திருந்தார். பிறகு குனிந்து டம்ளரை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்து, அவள் வைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, மழையில் ஸ்டேஷன் பக்கம் நடந்து போனார்.