மில் முற்றத்தில் ஒரு பந்தயக் கார்

வாகனத்தின் ஸ்பிரிங்குகளை மாற்ற விரும்புபவர் எழுத்து மூலம் முன் அனுமதி பெற வேண்டும். வாகனப் பரிசோதகராக இருந்த காலமெல்லாம் இதைப் பிறருக்கு வாசித்துக் காட்டியவன் நான். ஓய்வுபெற்ற பின் மச்சாளுக்கும் வாசித்துக் காட்டினேன். மனைவியின் தங்கை; வவுனியாவில் பௌதிகவியல் ஆசிரியை; பாடசாலை விடுமுறையில் கார்ப் பந்தயம் ஓடுகிறவர்.

"நீங்கள் எழுதிக் கேளுங்கோ அத்தான். அதுக்குள்ள நான் கழட்டுறன்."

எழுதினேன். திணைக்களம் வழமைபோல் ஆழ்ந்த யோசனைக்குப் போய்விட்டது.

முந்திய பந்தயத்தில் மச்சாளின் கார் தடத்தை விட்டுப் பாய்ந்து அவருடைய மணிக்கட்டை முறித்திருந்தது. வாகனங்கள் நெல் ஏற்றிக் கிரவல் ரோட்டில் ஓடும் வன்னியில், ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்பதே எல்லோரும் சொல்லும் ஆலோசனை. அதைக் கேட்டு வான் ஒன்றின் ஸ்பிரிங்கைப் பூட்டியிருந்தார். அது துள்ளும் வேகத்தை அடக்கப் பழைய ஷொக் அப்சோபருக்கு வலுவில்லை. வளைவில் ஒரு சிறு மேட்டில் துள்ளத் தொடங்கிய கார் துள்ளிக்கொண்டே போனது. இன்னொருமுறை அப்படி நடந்தால் பந்தயத்தையே விடுவதாகத் தமக்கைக்குச் சத்தியம் செய்திருந்தார்.

முள்ளியவளையில் ஒரு நெல் மில்லுக்குக் காரைக் கொண்டுபோனோம். மச்சாள் வேறுவேறு ஸ்பிரிங்குகளைப் பூட்டி, தராசில் ஒரே நிறையாக நிறுத்த நெல் மூட்டைகளைக் காரின் பின்னால் ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு மூட்டைக்கும் கார் எவ்வளவு தாழ்கிறது என்று அடிமட்டம் பிடித்து அளந்தார். எல்லோரும் 'நானா' என்று அழைக்கும் மில் முதலாளி எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், காரையும் அரிசியாக்கித்தான் வெளிய விடுவீங்களோ?"

"உங்கட மில்லில போட்டா குறுணலாத்தானே வரும், நானா!"

நடுத்தரமான ஒரு ஸ்பிரிங் அகப்பட்டது. பிறகு புது ஷொக் அப்சோபரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நெல் காயப்போடும் தளத்தில் ஒரு பலகைமேல் காரை ஓட்டிப் பார்த்தார். திருகு தளர்ந்தால் கார் தலையாட்டிக்கொண்டே போனது; கூட இறுகினால் ஒவ்வொரு அதிர்வும் ஆசனம்வரை அடித்தது. வெயில் சாயும் நேரத்தில் கார் பலகையில் ஏறி இறங்கியது. ஒருமுறை தாழ்ந்து, எழுந்து, அமைதியாகிவிட்டது. எத்தனையோ வாகனங்களின் மூலையை அழுத்திப் பார்த்துச் 'சரி' என்று எழுதியவன் நான். இரும்பும் எண்ணெயும் இவ்வளவு ஒத்துப்போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. மெய் சிலிர்த்தது.

அனுமதியில்லாமல் அந்தக் கார் ரோட்டில் ஓடக்கூடாது. ஆனால் லொறியில் ஏற்றிய கார் சரக்குத்தான். அதையும் நானே எடுத்துச் சொன்னேன். கார் நெல் லொறியிலேயே பந்தயத்துக்குப் போனது.

போட்டியன்று காலையிலிருந்து மனைவி தொலைபேசியை மடியில் வைத்திருந்தாள். "போனமுறை கார் துள்ளின அந்த வளைவு இந்தமுறை என்ன மாதிரி?" என்று நான் மச்சாளிடம் கேட்டு அனுப்பியிருந்தேன். மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது. பதில் அன்று பின்னேரம் வந்தது: "மேட்டில ஒருக்கா அமுங்கிச்சுது, அத்தான். பிறகு சொன்ன பக்கம் திரும்பிச்சுது. அக்காவச் சாப்பிடச் சொல்லுங்கோ."