பொத்துவிலுக்குச் சொல்லுங்க, அக்கா

நான் வேலை செய்த கம்பனிக்குக் கல்முனையில் தலைமைக் கந்தோர். சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் கிளைகள். நெல் வாங்கிக் குற்றுவோம். பசளையும் உழவு இயந்திரச் சாமான்களும் விற்போம். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே சேர்ந்தேன். கடிதம் எழுதுவதும் கிளைகளோடு டெலிபோனில் கதைப்பதும் என் பொறுப்பு. கதைப்பது என்று சொல்கிறேனே தவிர, உண்மையில் கத்துவதுதான் நடந்தது.

கைப்பிடியைச் சுற்றித் தபால் கந்தோரைக் கூப்பிட வேண்டும். காலையில் பொத்துவிலைக் கேட்டு வைத்தால், நல்ல நாளென்றால் பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் கிடைக்கும். கடற்கரை றோட்டோரம் தூண் தூணாகப் போன கம்பிகளை உப்புக்காற்று தின்றிருந்தது. பெரிய சூறாவளியில் பாதித் தூண்கள் விழுந்த பிறகு, அறுந்த கம்பியை முடிச்சுப் போட்டு ஒட்டினார்கள். அதன்பின் பொத்துவில் மனேஜரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் கேட்கும். ஒருமுறை அவர் ஒன்பது மூடை யூரியா கேட்டார். 'ஒம்பது' என்று அவர் சொன்னது எனக்கு 'அம்பது' என்று விழுந்தது. லொறி போய் இறக்கிவிட்டு வந்தது. வைக்க இடமில்லாமல் அவர் தன் மேசையை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, மூடைகளுக்குக் காவல் மாதிரி ஒரு கிழமை வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். யூரியாக் கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தவர், சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: "இந்தக் கம்பிய நம்பி இனி ஏலா. கொழும்புல வயர்லெஸ் செட் இரிக்காம். அனுமதிக்கு எழுதுங்க தம்பி."

அனுமதி வர ஒன்றரை வருசமானது. பிறகு கொழும்பிலிருந்து ஒரு மெக்கானிக் செட்டுகளோடு வந்தார். கார் பெட்டரியில் வேலை செய்யும் செட்டுகள். மைக்கின் பொத்தானை அமத்தினால் நாங்கள் கதைக்கலாம். விட்டால் மற்றப் பக்கம் கேட்கலாம். கல்முனைக் கந்தோரின் கூரைக்கு மேலே இரும்புக் குழாய்களைப் பூட்டி அறுபதடிக் கம்பம் நிறுத்தி, உச்சியில் ஏரியலைக் கட்டினோம். சம்மாந்துறை முதல் நாளே கணீரென்று கேட்டது. அக்கரைப்பற்றும் கேட்டது. பொத்துவில் மட்டும் கேட்கவேயில்லை. தூரம் கூட. மெக்கானிக் அங்கே கம்பத்தை இரண்டு முறை உயர்த்தியும் இரைச்சல்தான் வந்தது.

இடையில் தானாகவே வாங்கி அனுப்பும் பெட்டியொன்று வைக்கலாம் என்றார் மெக்கானிக். ஆனால் அதற்கு வேறொரு அனுமதி வேண்டும். அது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அதுவரை நடுவில் ஓர் ஆள் இருந்து, ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் திருப்பிச் சொன்னால் போதும். செட்டை ஜீப்பில் வைத்து ஊர் ஊராகச் சோதித்தோம். திருக்கோவிலில், கடலுக்குக் கிட்ட ஒரு மணல்மேட்டில் நின்றபோது இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டன. மேட்டில் ஓடு போட்ட சின்ன வீடொன்று இருந்தது. கையில் சுளகோடு ஒரு பெண் வெளியே வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் இளைப்பாறிய உப தபால் அதிபர். கணவர் காலமாகி, தனியாக இருந்தார். விசயத்தைச் சொன்னேன். சுளகைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னத்தத் தம்பி கதைப்பீங்க?"

"பசளை, நெல்லு, ட்ரக்டர் சாமான். வேற ஒண்டுமில்ல அக்கா."

"முப்பது வருசமா மத்தாக்கள்ட பேச்சத்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். பொழுதும் போகுதில்ல. கம்பத்த நடுங்க."

காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் அவர் செட்டைப் போடுவார். நான் கல்முனையிலிருந்து, டெலிபோன் பழக்கத்தில் கத்தியே, "பொத்துவிலுக்குச் சொல்லுங்க, அக்கா" என்று தொடங்குவேன். நான் சொன்னதை அவர் எனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டுவிட்டுத்தான் பொத்துவிலுக்கு அனுப்புவார். ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. ஹாஜியார் சில நாள் மைக்கை வாங்கித் தானே கதைப்பார். "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு லொறி வரும்" என்று அவர் சொன்னால், நெற்றியில் திருநீறு பூசிய அந்த அக்கா "இன்ஷா அல்லாஹ் நாளைக்கு லொறி வரும்" என்று அப்படியே சொல்வார். ஒருநாள் பொத்துவில் மனேஜர் கோபத்தில் ஹாஜியாரைப் பற்றி ஏதோ சொல்லி, உடனே, "ஐயோ, அதச் சொல்லாதீங்க" என்றிருக்கிறார். இரண்டும் சேர்ந்தே கல்முனைக்கு வந்தன. ஹாஜியார் சிரித்ததால் மனேஜர் தப்பினார்.

இப்படி ஏழெட்டு மாதம் ஒழுங்காகப் போனது. பிறகு மாரிமழை வந்தது.

அந்த வருசம் என் மனைவிக்குத் தலைப்பிள்ளை. நாள் குறித்ததற்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. காற்றில் பொத்துவில் கம்பம் சாய்ந்துவிட்டதென்று செய்தி வர, ஒரு திங்கட்கிழமை நான் பஸ் ஏறினேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான் மனைவியின் வீட்டில்தான் இருந்தேன்; மாமிதான் வழிக்குச் சாப்பாடு கட்டித் தந்தார். செவ்வாய்க்கிழமை கம்பத்தை நிமிர்த்தி முடித்தேன். அன்று மாலை கோமாரிப் பக்கம் றோட்டு வெள்ளத்தில் மூழ்கியது. பஸ் நின்றது. டெலிபோன் கம்பி எப்போதோ செத்துவிட்டிருந்தது.

புதன்கிழமை காலை பத்தரை மணியிருக்கும். செட் போடும் நேரமில்லை. ஆனால் கம்பத்தின் வேலை சரியா என்று பார்க்க நான் அதைத் திறந்தே வைத்திருந்தேன். அக்காவின் குரல் வந்தது.

"பொத்துவில், பொத்துவில். திருக்கோவில் கதைக்குது. கல்முனையில ஹாஜியார்ட செய்தி, தம்பிக்கு. ஒங்கட பொஞ்சாதிக்கு விடியச் சாமத்துல இருந்து நோவு. ஆஸ்பத்திரில வெச்சிரிக்கி. புள்ள குறுக்கால கிடக்காம். ஒப்பரேசன் செய்யணும் எண்டு டொக்டர் சொல்றார். ஒங்கட மாமி மாட்டன் எண்டு நிக்கிறா. மருமகன்ட சொல்லு வேணுமாம். செய்தி முடிஞ்சுது."

மாமி ஏன் மறுத்தார் என்று எனக்குத் தெரியும். அவருடைய தங்கை ஒப்பரேசன் மேசையிலிருந்து திரும்பி வரவில்லை.

"ரெண்டு பேரும் தப்புவாங்களா எண்டு டொக்டர்ட கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அக்கா அதைக் கல்முனைக்குச் சொல்வது கேட்டது. கல்முனையின் பதில் எனக்குக் கேட்காது. மழைதான் கேட்டது. ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் ஹாஜியாரின் கார் ஓடியிருக்க வேண்டும். அரை மணித்தியாலம் சென்றது.

"டொக்டர் சொன்னது: உறுதி தர ஏலா. சுணங்கினா ரெண்டு உசிருக்கும் ஆபத்து. செய்தி முடிஞ்சுது."

பொத்தானை அமத்த எனக்கு விரல் வரவில்லை. ஓமென்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? பொத்துவில் மனேஜர் பக்கத்தில் நின்றார். என் தோளில் கையை வைத்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. செட் மறுபடி கரகரத்தது.

"தம்பி, இது கல்முனைச் செய்தி இல்ல. நான் கதைக்கிறன்."

அந்த ஏழெட்டு மாதத்தில் அவர் தன் சொல்லாக ஒன்றையும் அந்தச் செட்டில் சொன்னதில்லை.

"எனக்கும் இப்பிடி ஒருக்கா நடந்தது. அப்ப ஓம் எண்டு சொல்ல ஆளில்ல. அவர் வாகரைப் பக்கம் வேலையில. ஆள் போய்ச் சொல்லி, அவர் வந்து சேர ரெண்டு நாள். நான் தப்பினன், புள்ள இல்ல. நீங்க ஓம் எண்டு சொல்லுங்க, மனே. சுணங்க வேணாம்."

நான் பொத்தானை அமத்தினேன். "ஓம். செய்யட்டும். என்ட பொறுப்பு எண்டு மாமிக்குச் சொல்லுங்க."

என் சொற்களை அவர் குரலில் நான் கேட்டேன். "ஓம். செய்யட்டும். என்ட பொறுப்பு எண்டு மாமிக்குச் சொல்லுங்க." அவர் வாயில் அவை என்னுடையதை விட உறுதியாக இருந்தன.

அதோடு முடியவில்லை. ஹாஜியார் மாமியைக் காரில் ஏற்றிக் கந்தோருக்கே கொண்டுவந்துவிட்டார், காதால் கேட்கட்டும் என்று. செட்டில் வந்ததோ ஒரு பெண் குரல். மாமி நம்பவில்லை. அக்கா எனக்குச் சொன்னார்:

"ஒங்கட மாமி கேக்கிறா: இது ஆரு பொம்புள? என்ட மருமகன் எங்க? அவர்தான் அங்க இரிக்காரெண்டா, திங்கக்கிழமை நான் என்னத்தக் கட்டிக் குடுத்தன் எண்டு சொல்லட்டும்."

"புட்டும் பொரிச்ச கீரிமீனும்" என்றேன். என்னை அறியாமல், "மீனுக்கு உப்புக் கூடிப்போச்சு" என்றும் சொல்லிவிட்டேன். அக்கா அதையும் விடாமல் அனுப்பினார். மாமி அந்த இடத்திலேயே கதிரையில் இருந்து அழுதாராம். உப்புக் கூடினது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்; பஸ் போன பிறகு மிச்ச மீனைத் தின்று பார்த்துத்தான் அவருக்கே தெரியவந்ததாம். பிறகு ஒரு சொல்லும் மறுக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் விரல் அடையாளம் வைத்தார்.

நான் மத்தியானம் லுஹர் தொழுதேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை. மனேஜர் தேத்தண்ணி கொண்டுவந்தார். அது ஆறிப் போனது. மூன்று மணி தாண்டியது. ஒவ்வொரு அரை மணிக்கும் அக்கா வந்து, "இன்னும் செய்தி இல்லத் தம்பி. நான் இஞ்சதான் இரிக்கன்" என்று மட்டும் சொல்வார். நாலரைக்கு அவர் வழமையான குரலில் தொடங்கினார்.

"பொத்துவில், பொத்துவில். ஹாஜியார்ட செய்தி. பொம்புளப் புள்ள. தாயும் புள்ளையும் சுகம். அல்ஹம்துலில்லாஹ். செய்தி முடிஞ்சுது."

ஆனால் அவர் பொத்தானை விடவில்லை. அந்தப் பக்கத்து மழையும் அவர் மூச்சு இழுபடுவதும் எனக்குக் கேட்டன.

றோட்டு வடிய இன்னும் நாலு நாள் எடுத்தது. பிள்ளைக்கு நாற்பது நாள் கழிந்ததும் மனைவியையும் பிள்ளையையும் மாமியையும் கூட்டிக்கொண்டு திருக்கோவிலுக்குப் போனேன். அன்றுதான் பக்கத்து வீட்டு மீன்காரர் ஒரு விசயத்தைச் சொன்னார். அந்தப் புதன்கிழமை மத்தியானம் செட்டின் பெட்டரி இறங்கத் தொடங்கியிருக்கிறது. அக்கா மழையில் இறங்கி ஓடிப்போய், வயலில் நின்ற யாருடையதோ ட்ரக்டரிலிருந்து பெட்டரியைக் கழற்றச் சொல்லி, மீன்காரரையும் அவர் தம்பியையும் கொண்டு தூக்கிவர வைத்திருக்கிறார். பெட்டரி நனையாமலிருக்கத் தன் சீலையை மடித்து மேலே போட்டாராம். "அத ஏன் இப்ப கதைக்கிறாய்" என்று அக்கா அவரை அதட்டினார்.

மனைவி பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். அவர் அதன் காலை மட்டும் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியும் அவரும் பிறகு சிவப்பரிசி விலை, பல்வலி, மருமக்கள் என்று பின்னேரம் வரை கதைத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மாமி சொன்னார்: "நல்ல மனிசி. ஆனா தேத்தண்ணிக்குச் சீனி காணா."

தானாக அனுப்பும் பெட்டிக்கு அனுமதி அடுத்த வருசம் வந்தது. அந்த அனுமதிக்காக முழுவதும் நான்தான் ஓடி ஓடி அலைந்தேன். என்றாலும் அக்காவிடம் போய்ச் சொல்ல இரண்டு கிழமை தள்ளிப்போட்டேன். "இனி நீங்க கஷ்டப்படத் தேவையில்ல, அக்கா. செட்டே எல்லாம் செய்யும்" என்று இழுத்தேன். அவர் சிரித்தார். "நல்லது மனே. எனக்கும் மாரியில தொண்ட அடைக்குது." பெட்டியை அவர் வீட்டு முன்னறையில்தான் வைத்தோம். ஹாஜியார் அவருக்கு மாதாமாதம் கொடுத்துவந்த சம்பளத்தை நிறுத்தவில்லை. பெட்டிக்குக் காவல் என்று பெயர் மாற்றிக் கொடுத்தார். முதல் நாள் நான் கல்முனையிலிருந்து பொத்துவிலோடு நேரே கதைத்தேன். மனேஜரின் குரல் பக்கத்தறையிலிருந்து வருவது போல இருந்தது. எங்கள் இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியாமல் போனது.

எண்பதுகளின் நடுவில் நாடு கெட்டது. தனியார் செட்டுகள் எதற்கும் அனுமதி இல்லையென்றானது. ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்தோம். எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவர்கள் தமிழ் ஊருக்கும் இடையில் போக்குவரத்தே பயமாக இருந்த நாட்கள் அவை. அப்படியொரு நாளில் ஹாஜியாரின் லொறியில் நான் கம்பத்தைக் கழற்றப் போனேன். போகவேண்டாமென்று எத்தனையோ பேர் தடுத்தார்கள். அக்கா என்னைக் கண்டதும் முதலில் ஏசினார். பிறகு சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடியும்வரை அவரும் அந்த மீன்காரரும் படலையில் நின்றார்கள், றோட்டைப் பார்த்துக்கொண்டு. குழாய்களை ஏற்றியதும் மீன்காரர் லொறியின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்தார். தம்பிலுவில் சந்தி தாண்டும்வரை கூட வந்து, இறங்கி, கையைக் காட்டிவிட்டு நடந்தே திரும்பினார்.

இரண்டு வருசத்தின் பின் அக்கா மட்டக்களப்பில் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். என் மனைவி அவருக்குக் கடிதம் எழுதுவாள். அவர் கடைசியாக எழுதியதில் மகள் எந்த வகுப்பு, கணக்கு எப்படி என்று விசாரித்துவிட்டு, என்னைப் பற்றி ஒரு வரி: தம்பி இன்னும் சத்தமாகத்தான் கதைக்கிறாரா?

ஓம் என்று பதில் எழுதச் சொன்னேன்.