பிஸ்கட் பேணிக் கடிதங்கள்

எங்கள் வீட்டுக் குசினியில், குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஒரு நீல நிற பிஸ்கட் பேணி இருக்கிறது. அதிலிருந்த பிஸ்கட் எப்போதோ முடிந்துவிட்டது. மூடியில் பனியில் இழுபடும் வண்டி ஒன்றும் இரண்டு குதிரைகளும். ஒரு குதிரையின் முகம் துருப்பிடித்துப் போய்விட்டது. பல வருடங்களாக அந்தப் பேணிக்குள் கடிதங்கள்தான். திங்கள் முதல் சனி வரை தபால்பெட்டியில் விழுகிற உறைகளை, விளம்பரங்களைக் கழித்துவிட்டு, உடைக்காமல் அதற்குள் போட்டு வைப்பேன். ஞாயிறு காலை தேத்தண்ணி குடித்து முடிந்ததும் பேணியை இறக்கி மேசையில் வைப்பேன். மகள் வந்திருந்து ஒவ்வொன்றாக உடைத்து, வாசித்து, எங்களுக்குத் தமிழில் சொல்லுவாள்.

அவளுக்கு ஒன்பது வயதில் தொடங்கிய வழக்கம் அது. சுவிஸின் லா ஷோ-து-ஃபோனுக்கு வந்து பல வருடமாகியும் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் தொழிற்சாலை பிரெஞ்சுதான். இது சரி, இது பிழை, நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும், அவ்வளவே. எழுத்தென்றால் கண் இருட்டும். மனைவி முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள், அவளுடைய பாடும் அதுதான். காப்புறுதிக் கடிதம், வரிக் கடிதம், விசா புதுப்பிக்கிற கடிதம் எல்லாம் மகளின் வாயால்தான் எங்களுக்கு விளங்கின. இங்குள்ள தமிழ் வீடுகளில் இது ஒரு புதினமே இல்லை. அம்மாவைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போய், எந்தப் பல் எப்படி வலிக்கிறது என்று டொக்டருக்குச் சொல்கிற பத்து வயதுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். எனக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை, பெருமைதான் இருந்தது. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் வேண்டுமென்றே ஒரு கடிதத்தை எடுத்து நீட்டி, "வாசி பிள்ளை" என்பேன். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான்.

பதினைந்து வயது முடிகிற நேரத்தில் அவளுக்கு லிசேயில் இடம் கிடைத்தது. பல்கலைக்கழகம் போகிற பிள்ளைகள் படிக்கிற உயர்பள்ளி. ஊரில் ஏ.எல். என்போமே, அதுதான். என் ஏ.எல். படிப்பு முதல் வருடத்தோடு போர்க்கால இடம்பெயர்வில் நின்றுபோனது. அதை நான் வீட்டில் அதிகம் சொல்லவில்லை, சொல்லாமலே அவள் தலையில் ஏற்றிவிட்டேன். லிசேக்கு அனுமதி வந்த கிழமையே தொலைபேசியில் இருந்த சொந்தக்காரர் எல்லோரிடமும் "டொக்டருக்குப் படிக்கப்போறாள்" என்று சொல்லி முடித்திருந்தேன். அவளை அதுபற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளியின் பதிவுப் படிவத்தில் பெற்றோரின் தொலைபேசி இலக்கம் என்றிருந்த இடத்தில் அவளுடைய இலக்கத்தையே எழுதச் சொன்னதும் நான்தான். பள்ளியிலிருந்து எடுத்தால் எப்படியும் அவள்தானே எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் முகத்தட்டுகளைச் சோதிக்கிறவன் நான். எண்களும் கோடுகளும் பதித்து, எல்லாம் முடிந்த பிறகு அவை என் மேசைக்கு வரும். ஒரு கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கிக்கொண்டு கீறல், தூசி, மை பரவல் பார்ப்பேன். நல்லது ஒரு தட்டில், பழுது இன்னொரு தட்டில். நல்லதைப் பற்றி யாரும் எனக்கு எதுவும் சொன்னதில்லை. பழுதொன்றைத் தவறவிட்டால்தான் மேற்பார்வையாளர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பத்தொன்பது வருடம் இப்படிப் பார்த்த கண்ணை வீட்டு வாசலில் கழற்றி வைக்க எனக்குத் தெரியவில்லை. பின்னேரங்களில் மகளின் கொப்பிகளை வாங்கிப் பார்ப்பேன். எழுதியிருப்பது விளங்காது. வெட்டியிருக்கிறாளா, அழித்திருக்கிறாளா, ஆசிரியரின் சிவப்பு மை எவ்வளவு என்று மட்டும் தேடுவேன். இங்கே ஆறுதான் முழுப் புள்ளி, நாலு எடுத்தால் தேறலாம். கீழ்வகுப்பில் ஐந்தும் ஐந்தரையும் எடுத்தவள் லிசேயில் மூன்றும் மூன்றரையுமாக எடுத்தாள். கணிதத்தில் மூன்று எடுத்த கிழமையிலேயே வரலாற்றில் ஐந்து எடுத்த தாளையும் காட்டினாள். அதை நான் புரட்டிவிட்டுக் கணிதத் தாளைக் கேட்டேன்.

ஐப்பசியில் ஒருநாள் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, எனக்கு இது ஏலாது போல கிடக்கு" என்றாள். முதல் தவணை எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் சொதி விடச் சொன்னேன். மார்கழியில் மனைவியின் சொந்தக்காரப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பக்கத்து நகரமான நொஷாட்டலுக்குப் போய்த் திரும்பும்போது, காரின் பின் சீட்டிலிருந்து மறுபடியும் சொன்னாள். பிறந்தநாள் வீட்டில் நாலு பேர் அவளை "டொக்டர் அம்மா" என்று கூப்பிட்டுப் பகிடி விட்டிருந்தார்கள். "எனக்கு வேற ஏதும் படிக்க வேணும் அப்பா, இது வேண்டாம்" என்றாள். ரோட்டில் பனி, வளைவான பாதை. கார் ஓட்டும்போது கதைக்காதே என்று அதட்டினேன். வீடு வந்த பிறகு கதைத்திருக்கலாம். கதைக்கவில்லை. அந்த நாட்களில் அவள் காலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை, வயிறு நோகிறது என்பாள். மனைவி மல்லி அவித்துக் கொடுத்தாள்.

தையில் ஒரு ஞாயிறு. பேணியில் லிசேயின் முத்திரை பதித்த உறையொன்று இருந்தது. அந்த முத்திரை எனக்குத் தெரியும், அதனால் அதை மேலே வைத்திருந்தேன். மகள் மற்றக் கடிதங்களை எல்லாம் வாசித்து முடித்துவிட்டு, அதை மட்டும் என் பக்கம் தள்ளினாள். "இதை நீங்களே உடையுங்கோ அப்பா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. "நான் உடைச்சு? என்ர கண்ணுக்கு என்ன தெரியப்போகுது? உன்ர வேலையை நீ பார்" என்று திருப்பித் தள்ளினேன். அவள் உடைத்தாள். தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வகுப்போடு பேர்ண் நகரத்துக்கு ஒருநாள் பயணம் போகிறார்களாம், பெற்றோரின் சம்மதம் கேட்கிறார்களாம் என்றாள். எங்கே கையெழுத்து என்று கேட்டேன். விரலால் காட்டினாள். போட்டேன். 

பயணநாள் என்று அவள் சொன்ன நாளில் மனைவி விடிய எழும்பி, வகுப்புப் பிள்ளைகளுக்கும் காணும் என்று முப்பது றோல்ஸ் பொரித்துக் கொடுத்தனுப்பினாள். பெட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வந்த மூன்று கிழமையும் வீட்டில் நல்ல காலம்போல இருந்தது. கொப்பிகள் துப்புரவாக இருந்தன. வெட்டு இல்லை, சிவப்பு மையில் சின்னச் சின்னச் சரிகள் மட்டும். "இப்பத்தான் திருந்தியிருக்கு" என்று சொன்னேன். அவள் ஓம் என்று தலையாட்டினாள்.

பிறகு ஒருநாள் மத்தியானத்தில் பனி கொட்டத் தொடங்கியது. எங்கள் ஊருக்குப் பனி புதிதில்லைதான், ஆனால் அன்றைக்கு பஸ்களையும் நிறுத்திவிட்டார்கள். தொழிற்சாலையில் எங்களை நேரத்தோடு விட்டார்கள். பிள்ளை எப்படி வரப்போகிறாள் என்ற யோசனையில் நேரே லிசேக்குப் போனேன். அந்தக் கட்டிடத்துக்குள் நான் கால்வைத்தது அன்றைக்குத்தான். அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் மகளின் பெயரைச் சொன்னேன். அவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய் ஒரு தாளோடு வந்தார். மகள் இங்கே படிப்பதில்லையே, தானே கேட்டு விலகிவிட்டாரே, நீங்கள்தானே சம்மதம் கொடுத்தீர்கள் என்று மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னார். தாளின் அடியில், பேர்ண் பயணத்துக்கென்று நான் போட்ட கையெழுத்து. நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். அது என்னுடையதில்லை என்று எந்த வாயால் சொல்வது?

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன நினைப்பார், சொந்தக்காரருக்கு என்ன சொல்வது என்றுதான் முதலில் ஓடியது. பிள்ளை எங்கே என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எழுதவே கூசுகிறது.

வெளியே வந்து அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "வகுப்பில நிக்கிறன் அப்பா, பிறகு எடுக்கிறன்" என்று இரகசியக் குரலில் சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால் ரயில்கள் பிந்துவதாக ஒலிபெருக்கி அறிவித்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்த் தெருக்கள் கோடு போட்ட கொப்பி மாதிரி நேரானவை, வழி தவறவே முடியாது. அன்றைக்கு அந்த நேர்த்தெருவில் முழங்கால் பனியில் இரண்டு தரம் விழுந்தேன்.

ரயில் ஸ்டேசனில், பயணிகள் காத்திருக்கிற அறையில், சூடாக்கிக்குப் பக்கத்து மர வாங்கில் இருந்தாள். மடியில் கொப்பி. பக்கத்தில் நீலப் பேனை ஒன்று, கையில் சிவப்புப் பேனை. தான் எழுதிய கணக்குகளுக்குத் தானே சின்னச் சின்னச் சரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் மூன்று கிழமையாகப் பார்த்துத் திருப்திப்பட்ட அதே சரிகள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?" என்றேன். அதட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன்.

அவள் திடுக்கிட்டாள். ஆனால் கொப்பியை மறைக்கவில்லை. "பின்னேரம் நீங்கள் பாப்பியள்தானே அப்பா" என்றாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னனான். மூண்டு தரம் சொன்னனான்."

சோறு சாப்பிட்டபோது ஒன்று, காருக்குள் ஒன்று. மூன்றாவது எதென்று அங்கேயே நின்று யோசித்தேன். பிடிபடவில்லை. அவளிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

மனைவிக்கு எல்லாம் தெரியவந்தபோது அழுதுகொண்டே அவள் கேட்ட ஒரே கேள்வி, "அப்ப அந்த றோல்ஸை ஆர் சாப்பிட்டது?" என்பதுதான். "ஸ்டேசன் கூட்டுற மனுசிக்கும் அங்க நிண்ட ஆக்களுக்கும் குடுத்தனான். நல்லாயிருக்கெண்டு சொன்னவை அம்மா" என்றாள் மகள். மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு லிசேக்குப் போனேன். கையெழுத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்ற எண்ணம். வகுப்பாசிரியர் நல்ல மனிதர். அரைவருடம் முடியும்வரை இடத்தை வைத்திருக்கலாம் என்றார். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார். அவள் "நோன்" என்றாள். அந்தச் சொல் விளங்க எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அதன் பிறகு நான் செய்தது, அவள் செய்ததைவிட மோசம். நாலு மாதம் அவளோடு கதைக்கவில்லை. அவள் மருந்துக்கடைகளுக்கு ஏறி இறங்கி, தொழிற்பயிற்சிக்கு இடம் தேடியதெல்லாம் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். இடம் கிடைத்ததும் நான் சொந்தக்காரருக்கு "மருத்துவம் சம்பந்தமாகப் படிக்கிறாள்" என்று சொல்லிச் சமாளித்தேன். ஞாயிறுகளில் பேணியை இறக்குவதை நிறுத்திவிட்டேன். கடிதங்கள் நிரம்பி மூடி மூடாமல் நின்றது. ஒருநாள் எடுத்துப் பார்த்தால் எல்லா உறைகளும் உடைபட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மஞ்சள் தாள் ஒட்டி, எந்தக் கடிதம் என்ன சொல்கிறது, எந்தத் திகதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் எழுதியிருந்தாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய வட்டமான எழுத்து. நான் முகம் கொடுக்காத அந்த மாதங்களிலும் வீட்டில் நடக்கவேண்டிய எந்த அலுவலும் தவறவில்லை.

அந்த மஞ்சள் தாள்களைப் பார்த்த பிறகுதான் பிரெஞ்சு வகுப்புக்குப் போனேன். இரண்டு குளிர்காலம் போனேன். ஓரளவு வாசிக்க வந்ததும் பழைய கடிதங்களை எடுத்துவைத்து, அகராதியோடு ஒவ்வொரு மஞ்சள் தாளையும் சரிபார்த்தேன். தொழில் புத்தி போகுமா? ஒரு பிழைகூட இல்லை. ஏழு வருடமாக வாசித்தவள். எனக்குத் தெரிந்து, எங்களிடம் மாற்றிச் சொன்னது ஒரேயொரு கடிதத்தைத்தான்.

இப்போது அவள் நொஷாட்டலில் தனியாக இருக்கிறாள், அங்கே ஒரு மருந்துக்கடையில் வேலை. ஞாயிறுகளில் வருவாள். கடிதங்களை இப்போது நானே வாசித்துவிடுவேன், ஆனாலும் பேணியில் போட்டுவைப்பேன். அவள் வந்ததும் "கடிதம் ஒண்டும் இல்லையோ அப்பா?" என்று கேட்பாள். இல்லை என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை.

போன ஞாயிறு பேணியில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று தொழிற்சாலையிலிருந்து. வேலை குறைவாம், அடுத்த மாதத்திலிருந்து எனக்குப் பாதிநாள் வேலைதானாம். வெள்ளிக்கிழமையே வாசித்துவிட்டு உறைக்குள் திரும்ப வைத்திருந்தேன். அவள் எடுத்தாள். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். லிசேக் கடிதத்தையும் அன்றைக்கு இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் இப்போது எதைச் சொல்லப்போகிறாள் என்று ஒரு சோதிப்பாளனாக இல்லாமல், தகப்பனாகப் பயந்தேன்.

"அப்பா, இது நல்ல கடிதமில்லை" என்றாள். பிறகு ஒரு வரியும் விடாமல், எதையும் மெதுப்படுத்தாமல் தமிழில் சொன்னாள்.

அதை எனக்கு முன்பே தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. இத்தனை வருடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "மூண்டு தரம் சொன்னனான் எண்டியே பிள்ளை. மூண்டாம் தரம் எப்ப சொன்னனி?"

அவள் யோசிக்கவே இல்லை. "இந்த மேசையிலதான் அப்பா. அந்தக் கடிதத்தை நீங்களே உடையுங்கோ எண்டு சொன்னனான்."

குசினியில் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தியிருந்தாள். நான் பேணிக்குள் கையை விட்டு மற்றக் கடிதத்தை எடுத்தேன். சனிக்கிழமை வந்தது, நான் இன்னும் உடைத்திருக்கவில்லை. மின்மானி மாற்ற ஆட்கள் வருகிறார்கள் என்கிற சாதாரணக் கடிதம். அவளுக்கு முன்னால் அதை உடைத்து, பிரெஞ்சில் சத்தமாக வாசித்தேன். ஒவ்வொரு சொல்லிலும் நாக்குத் தடக்கியது. அவள் ஒரு இடத்திலும் திருத்தவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.