ஏரிக்குள் அடக்கிய மூச்சு

மனப்பதற்றம் குறைய, நான்கு எண்ணி மூச்சை இழுத்து, நான்கு எண்ணி விடும் பயிற்சியை ஓராண்டாகச் செய்துவருகிறேன். சென்ற கோடையில் நொஷாட்டல் ஏரியில், மகள் அருகில் நீந்திக்கொண்டிருக்க, நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி அதைச் செய்தேன். சுகமாக இருக்கவே எண்ணிக்கையைப் பன்னிரண்டாகக் கூட்டி, இடையில் மூச்சையும் அடக்கினேன். காது இரைந்தது. கண் இருண்டது. காலுக்குக் கீழே தரை இருப்பதே தெரியவில்லை.

"அம்மா! என்னைப் பாருங்கோ!"

மகள் என் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருந்தாள். வாயெல்லாம் ஏரித் தண்ணீர்.

"கூப்பிடக் கூப்பிடக் கேக்காமல் கீழ போனீங்களம்மா," என்று அழுதாள். மறுநாளே மருத்துவரிடம் போனேன்.

தண்ணீரில் மூச்சை அடக்கவே கூடாது என்றார் மருத்துவர். இப்போது வீட்டில், நாற்காலியில் இருந்தபடி, நான்கு எண்ணிக்கையோடு நிறுத்துகிறேன், அடக்குவதில்லை. ஆனாலும் நான் கண்ணை மூடினால், மகள் வந்து தோளைத் தொட்டுப் பார்க்கிறாள்.